நடுச்செவியில் ஒரு கருவி

சிங்கப்பூரின் கிழக்குக் கரையோரத்தில் உள்ள காத்தோங் வட்டாரம் நம்மவர்க்குப் புதிய இடமன்று. சிலோன் ரோட்டிலுள்ள செண்பக விநாயகர் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. 1850-களில் ஒரு குளக்கரையில் செண்பக மரத்தருகே விநாயகர் திருவுருவம் கிடைத்ததாகவும், இலங்கைத் தமிழர்கள் அங்கே சிறு கொட்டகை எழுப்பி வழிபடத் தொடங்கியதாகவும் ஆலய வரலாறு கூறும். அந்த ஆலயத்தின் மணியோசையைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல. ஆனால் அதே வட்டாரத்தில், மேற்கே சிறிது தொலைவில், மவுண்ட்பேட்டன் சாலையில், மணியோசை கேளாத பிள்ளைகளுக்கென்றே ஒரு பள்ளி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. நமது இன்றைய உரை அந்தப் பள்ளியிலிருந்து தொடங்குகிறது.

சிங்கப்பூரில் செவிப்புலன் இழந்த பிள்ளைகளின் கல்வி 1950-களில்தான் வேர்கொண்டது. ஒரு பக்கம், தன்னார்வலர்களின் முயற்சியால் வாய்மொழி வகுப்புகள் தோன்றின. உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிந்துகொள்ளவும், வாய்திறந்து பேசவும் அங்கே பழக்கினார்கள். மறுபக்கம், ஷாங்ஹாயில் பிறந்து, சிறு வயதிலேயே கேள்விப்புலனை இழந்த பெங் சூ யிங் என்பவர் 1954ஆம் ஆண்டு சீனக் கைமொழிப் பள்ளி ஒன்றை நிறுவினார். பின்னாளில் கார்ப் பந்தய ஓட்டுநராகவும் பெயர் பெற்றவர் அவர். 1955ஆம் ஆண்டு காது கேளாதோருக்கான சங்கம் உருவாயிற்று. 1963ஆம் ஆண்டு வாய்மொழிப் பள்ளியும் கைமொழிப் பள்ளியும் ஒன்றாகி, மவுண்ட்பேட்டன் சாலையில் சிங்கப்பூர் செவிப்புலனற்றோர் பள்ளியாக அமைந்தன. வாயால் பேசக் கற்பிப்பதா, கையால் பேசக் கற்பிப்பதா என்ற உலகம் தழுவிய வழக்கு இப்படி ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தது.

அந்தப் பள்ளி 2017ஆம் ஆண்டு மூடப்பட்டது. சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து, மிகச் சிலரே எஞ்சியிருந்தனர். கருவுற்ற தாயைத் தாக்கிக் குழந்தையின் செவியைக் கெடுக்கும் ரூபெல்லா அம்மைக்குத் தடுப்பூசி வந்தது ஒரு காரணம். பிறந்த சில நாட்களுக்குள்ளேயே குழந்தையின் காதைச் சோதிக்கும் முறை மருத்துவமனைகளில் பரவியது இன்னொரு காரணம். பொதுப் பள்ளிகளிலேயே இப்பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் கொள்கை மூன்றாவது காரணம். நான்காவது காரணம், காதுக்குள்ளே பொருத்தப்படும் கருவிகள். இந்த நான்காவது காரணம் பற்றியே நாம் விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

"காதுக்குள் கருவி வைத்துவிட்டால் கேட்டுவிடும்" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் காதுக்கு? எந்தக் கருவி? காதின் எந்தப் பகுதியில்? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் கருவியைத் தேடுவது, நோயை அறியாமல் மருந்துக்கடைக்குப் போவதை ஒக்கும். ஆகவே முதலில் காதின் அமைப்பைச் சுருக்கமாக நினைவுகூர்வோம்.

காதுக்கு மூன்று அறைகள். காதுமடலும் துளையும் புறச்செவி. துளையின் முடிவில் செவிப்பறை என்னும் மெல்லிய சவ்வு. அதற்கு அப்பால், காற்று நிறைந்த சிறு அறையே நடுச்செவி. அங்கே சம்மட்டி, பட்டடை, அங்கவடி எனப்படும் மூன்று சிற்றெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து நிற்கின்றன. அங்கவடியின் எடை ஏறத்தாழ 3 மில்லிகிராம்தான். மனித உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது. அதற்கும் அப்பால், நத்தைக் கூடு போலச் சுருண்டு, நீர்மம் நிறைந்திருப்பது காக்ளியா என்னும் உட்செவி.

இந்த மூன்று எலும்புகள் எதற்காக? காற்றில் வரும் ஒலி நேரே நீரில் மோதினால், அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நீருக்குள் புகும். மிச்சமெல்லாம் திரும்பிவிடும். கிணற்றில் முழுகியிருப்பவனுக்குக் கரையில் நிற்பவர் கூப்பிடுவது கேட்காமல் போவது இதனால்தான். இந்த இழப்பை ஈடுகட்டவே நடுச்செவி அமைந்திருக்கிறது. செவிப்பறையின் பரப்பு, அங்கவடியின் அடித்தட்டைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. பெரிய பரப்பில் வாங்கிய விசையைச் சிறிய பரப்பில் செலுத்தும்போது அழுத்தம் பெருகுகிறது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு அதை இன்னும் சிறிது கூட்டுகிறது. உட்செவியில் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள் இந்த அதிர்வை வாங்கி நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன.

ஆக, ஒலியின் பாதை மூன்று இடங்களில் முறியலாம். துளை அடைபட்டோ, செவிப்பறை கிழிந்தோ, எலும்புகள் அரித்தோ இறுகியோ போனால் அது கடத்தல் குறை. மயிரணுக்கள் நலிந்தால் அது உட்செவிக் குறை. இரண்டும் சேர்ந்தால் கலப்புக் குறை. நாம் ஒப்பிடப்போகும் கருவிகள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஒரு முறிவுக்கு ஏற்றவை. ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

நடுச்செவியைச் செப்பனிடும் முயற்சி முதலில் மின்சாரம் இல்லாமலேயே தொடங்கியது. அங்கவடி எலும்பு இறுகிப்போகும் நோய்க்கு, 1938ஆம் ஆண்டு நியூயார்க்கின் லெம்பர்ட் உட்செவிச் சுவரில் புதிய சாளரம் ஒன்றைத் திறந்து வழி கண்டார். 1952ஆம் ஆண்டு ரோசன் இறுகிய எலும்பையே மெல்ல அசைத்து விடுவித்தார். 1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் ஜான் ஷே அந்த எலும்பை எடுத்துவிட்டு, அதன் இடத்தில் டெஃப்லானால் ஆன சிறு உறுப்பைப் பொருத்தினார். பேட்டரி இல்லை, கம்பி இல்லை. சில மில்லிமீட்டர் நீளமுள்ள அந்தச் சிறு உறுப்பு பலருக்குப் பேச்சைத் திரும்பத் தந்தது. இத்தகைய அறுவை இன்றும் உலகெங்கும் நடக்கிறது. இவற்றைச் செயலற்ற உள்வைப்புகள் என்பர். வருகிற அதிர்வைக் கடத்துமேயன்றிப் பெருக்கமாட்டா. எலும்பு மட்டும் பழுதாகி உட்செவி நலமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் இந்த எளிய வழியே போதும். புதுமையான மின்கருவியைத் தேடும் முன் நாம் நினைவில் வைக்க வேண்டிய முதற் பாடம் இது.

மயிரணுக்கள் நலிந்தோருக்கு இந்த அறுவை பயன்படாது. அவர்களுக்கு ஒலியைப் பெருக்கித் தரவேண்டும். அந்த வேலையைச் செவித்துணைக் கருவி செய்தது. 1952ஆம் ஆண்டின் இறுதியில் டிரான்சிஸ்டர் வைத்த செவித்துணைக் கருவிகள் விற்பனைக்கு வந்ததும் அது சட்டைப்பையிலிருந்து காதுக்கு ஏறும் நாள் நெருங்கியது. இன்றும் கோடிக்கணக்கானவர்க்கு அதுவே நல்ல துணை. ஆயினும் அதற்குச் சில குறைகள் உண்டு. துளையை அடைப்பதால் தன் குரலே குடத்துக்குள் பேசுவது போல ஒலிக்கும். பெருக்கிய ஒலி வெளியே கசிந்து ஒலிவாங்கியில் மீண்டும் புகுந்தால் விசில் எழும். காதில் ஓயாமல் சீழ் வடிபவர் துளையை அடைத்து வைக்கவே முடியாது. பிறவியிலேயே துளை இல்லாதவர்க்கு அதை மாட்ட இடமே இல்லை.

ஒலியைக் காற்றில் பெருக்கித் துளைக்குள் அடிப்பதற்குப் பதிலாக, எலும்புகளையே நேரே அசைத்தால் என்ன? நடுச்செவிக் கருவிகளின் மூலக்கருத்து இந்த ஒரு கேள்விதான். 1935ஆம் ஆண்டு ஃபின்லாந்து நாட்டு அறிஞர் ஆல்வர் வில்ஸ்கா, செவிப்பறையின் மேல் சிறு இரும்புத் துணுக்குகளை வைத்து, அருகே ஒரு மின்சுருளை வைத்தார். சுருளில் மாறுமின்னோட்டம் பாய்ந்ததும் இரும்பு அதிர்ந்தது, செவிப்பறை அதிர்ந்தது, ஒலி கேட்டது. 1959ஆம் ஆண்டு ருட்ஷ்மான் என்பவர் 10 மில்லிகிராம் எடையுள்ள காந்தங்களைச் செவிப்பறையின் நடுவே ஒட்டி, இதையே மேலும் செம்மையாகச் செய்து காட்டினார். கருத்து சரியென்று நிலைநாட்டப்பட்டது. ஆனால் அதைக் காதுக்குள் ஆண்டுக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் நுட்பம் வரப் பல ஆண்டுகள் ஆயின.

முதலில் நோயாளிகளுக்குப் பயன்படும் அளவுக்குக் கருவியைக் கொண்டு வந்தவர்கள் ஜப்பானியர்கள். சுசுகி, யானகிஹாரா ஆகிய மருத்துவர்கள் ரியோன் நிறுவனத்தோடு சேர்ந்து அமைத்த கருவி 1980-களின் நடுவில் மனிதர் காதில் ஏறியது. இதில் காந்தம் இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் வளைந்து நிமிரும் ஒருவகைப் பீங்கான் படிகத் தகட்டின் நுனியை அங்கவடி எலும்போடு இணைத்தார்கள். ஒலிவாங்கியும் பேட்டரியும் காதுக்கு வெளியே இருந்தன.

இங்கே இரு வழிகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. காந்தமும் சுருளும் கொண்ட கருவி வலுவாக உந்தும். ஆனால் காந்தம் உள்ளே இருப்பதால் எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதில் சிக்கல் உண்டு. படிகக் கருவி மென்மையானது, எலும்பின் எடையைக் கூட்டாது, மின்சாரமும் குறைவாகவே போதும். ஆனால் அதன் அசைவு மிகச் சிறியது. ஆகவே கடுமையான செவிக்குறைக்குப் போதிய உந்துவிசை கிடைப்பது அரிது. பிற்காலத்தில் வந்த நடுச்செவிக் கருவிகளில் பெரும்பாலானவை இந்த இரு குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவைதாம்.

காந்தக் குடும்பத்தில் நிலைபெற்ற கருவியை அமைத்தவரின் கதை சுவையானது. ஜெஃப்ரி பால் என்னும் அமெரிக்கர் மூன்று வயதளவில் கடுங்காய்ச்சல் கண்டு செவிப்புலன் குறைந்தவர். தமக்குக் கிடைத்த செவித்துணைக் கருவிகளில் மனநிறைவு கொள்ளாமல், பொறியியல் துறையில் புகுந்து தாமே ஒன்றைக் கண்டுபிடித்தார். சுமார் 2 மில்லிமீட்டர் நீளமும் 25 மில்லிகிராம் எடையும் உள்ள சிறு உருளை அது. அதற்குள் ஒரு காந்தம் மிதக்கிறது, சுற்றிலும் நுண்கம்பிச் சுருள். மின்னோட்டம் வந்ததும் காந்தம் முன்னும் பின்னும் அசைய, உருளை முழுதும் அதிர்கிறது. அதைப் பட்டடை எலும்பில் கொக்கி போல மாட்டிவிட்டால் எலும்புச் சங்கிலி முழுதும் அதிரும். அதுவரை சுருள் ஓரிடத்திலும் காந்தம் வேறிடத்திலும் இருந்ததால் இடைவெளி சிறிது மாறினாலும் விசை மாறியது. இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்ததே இவருடைய வெற்றி. 1996ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஊகோ ஃபிஷ் என்ற மருத்துவர் இதை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். வைப்ரன்ட் சவுண்ட்பிரிட்ஜ் என்பது அதன் பெயர். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் ஒப்புதலும் கிடைத்தது. பால் அவர்களும் தம் காதுகளில் அதையே பொருத்திக்கொண்டார்.

எலும்புகளே இல்லாத காதுக்கு இதை எங்கே மாட்டுவது? இத்தாலியின் வெரோனா நகர மருத்துவர் கொலெட்டி இதற்கு வழி கண்டார். உட்செவிக்கு வட்டச் சாளரம் என்னும் இரண்டாவது வாயில் ஒன்று உண்டு. உருளையை அந்தச் சாளரச் சவ்வின் மேலேயே அமர்த்திவிட்டார். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இந்த முறை பரவலாக அறியப்பட்டது. சீழ்நோயால் எலும்புகளை இழந்தவர்க்கும், பிறவியில் காதுத்துளை அமையாதவர்க்கும் இதனால் கதவு திறந்தது.

இதற்கிடையில் இன்னொரு கனவும் வளர்ந்தது. வெளியே எதுவுமே தெரியாமல் ஒலிவாங்கியையும் பேட்டரியையும்கூட உடலுக்குள் வைத்துவிட வேண்டும் என்பது அது. குளிக்கலாம், நீந்தலாம், கருவியோடு உறங்கலாம், பிறர் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் சென்னர், லைசிஃபர் ஆகியோர் உருவாக்கிய டிக்கா என்னும் கருவி 1998ஆம் ஆண்டு இதைச் செய்து காட்டியது. அமெரிக்காவில் உருவான கரீனா என்னும் கருவியும் முழுதும் உள்ளடங்கியதே. எஸ்டீம் என்னும் மற்றோர் அமெரிக்கக் கருவி 2010ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. இதில் தனி ஒலிவாங்கியே கிடையாது. செவிப்பறையின் அதிர்வை ஒரு படிகம் வாங்கி, பெருக்கி, இன்னொரு படிகத்தின் வழி அங்கவடிக்குத் தருகிறது.

கேட்பதற்கு இனிய கனவுதான். விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். தோலுக்கடியில் உள்ள ஒலிவாங்கி, தோல் உரசும் ஓசையையும் உணவு மெல்லும் ஓசையையும் சேர்த்தே கேட்கும். மீண்டும் மின்னேற்ற முடியாத பேட்டரியானால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிறு அறுவை செய்து மாற்றவேண்டும். எஸ்டீம் கருவிக்குப் பட்டடை எலும்பில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பெருக்கிய அதிர்வு செவிப்பறைக்கே திரும்பி வந்து கூச்சலிடும். கருவியை வேண்டாமென்று எடுத்துவிட்டால் பழைய எலும்புச் சங்கிலி தானாகத் திரும்பாது. மீண்டும் அறுவையால் சீரமைக்க வேண்டும்.

நேயர்களே, இந்த வரலாற்றில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. டிக்கா கருவியைச் செய்த நிறுவனம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் நொடித்துப்போயிற்று. சவுண்ட்பிரிட்ஜ் செய்த நிறுவனம் 2002ஆம் ஆண்டோடு தொழிலை நிறுத்தியது. அடுத்த ஆண்டு ஆஸ்திரியாவின் மெட்எல் நிறுவனம் அதை ஏற்றிராவிட்டால் அந்தக் கருவியும் மறைந்திருக்கும். 2001ஆம் ஆண்டு அமெரிக்க ஒப்புதல் பெற்ற சவுண்ட்டெக் என்னும் காந்தக் கருவி 2004ஆம் ஆண்டு சந்தையிலிருந்து விலகியது. காதில் பொருத்திய கருவியோ அங்கேயே இருக்கிறது. கைக்கடிகாரம் செய்த நிறுவனம் மூடினால் வேறு கடிகாரம் வாங்கலாம். மண்டையோட்டில் குழிதோண்டிப் பதித்த கருவிக்கு உதிரிப்பாகம் கிடைக்காமல் போனால் மீண்டும் அறுவை மேசைக்குத்தான் போகவேண்டும். ஆகவே கருவிகளை ஒப்பிடும்போது எத்தனை டெசிபெல் கூட்டுகிறது என்பதோடு, இதை இன்னும் இருபது ஆண்டுகள் பார்த்துக்கொள்ள யார் இருப்பார்கள் என்பதையும் கேட்கவேண்டும். இளம் வயதினர் இதை இருமுறை கேட்கவேண்டும்.

நடுச்செவிக் கருவிக்கு இருபுறமும் இரண்டு அயலார் உண்டு. ஒன்று, எலும்புவழிக் கருவி. 1977ஆம் ஆண்டு சுவீடனின் கோதன்பர்க் நகரில் தொடங்கியது. காதுக்குப் பின்னுள்ள எலும்பில் டைட்டானியத் திருகு பதித்து, மண்டையோட்டின் வழியே அதிர்வை உட்செவிக்கு அனுப்புகிறது. நடுச்செவியைத் தொடுவதே இல்லை. ஆகவே அறுவை எளிது. உட்செவி நலமாக இருந்தால் நன்கு உதவும். உட்செவியும் ஓரளவுக்கு மேல் நலிந்திருந்தால் அதன் வலு போதாது.

மற்றொன்று காக்ளியர் கருவி. 1957ஆம் ஆண்டு பாரிஸில் ஜூர்னோ, எரியெஸ் இருவரும் செவி நரம்பை நேரே மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தனர். 1978ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கிரேம் கிளார்க் பல மின்முனைகள் கொண்ட கருவியைப் பொருத்தினார். மயிரணுக்கள் மடிந்துபோனவர்க்கு இதுவே வழி. நடுச்செவிக் கருவி எவ்வளவு வலுவாக அதிர்ந்தாலும், அதிர்வை வாங்க மயிரணு இல்லையேல் பயன் இல்லை. கதவைத் தட்டுகிறவன் எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் உள்ளே ஆள் இருந்தால்தானே திறப்பார்!

ஆனால் மயிரணுக்கள் எஞ்சியிருப்பவரிடம் ஒரு வேறுபாடு வெளிப்படுகிறது. ஆயிரக்கணக்கான மயிரணுக்கள் செய்யும் வேலையை இருபது சொச்சம் மின்முனைகள் செய்யும்போது, சொற்கள் விளங்கினாலும் சுருதியின் நுட்பம் மங்குகிறது. சங்கீதம் கேட்பவருக்கு இது பெருங்குறை. சுருதி ஏறி இறங்கினால் சொல்லின் பொருளே மாறிவிடும் சீனமொழியைப் பேசுபவருக்கும் இது இடர்ப்பாடு. நடுச்செவிக் கருவி இயற்கையான உட்செவியையே பயன்படுத்துவதால், அங்கே எஞ்சியிருக்கும் அளவுக்குச் சுருதி உணர்வும் எஞ்சுகிறது. தமிழில் சுருதியால் பொருள் மாறுவதில்லை. நமக்கு வேறு சிக்கல் உண்டு. வயதானவர்க்குப் பெரும்பாலும் உயர் அதிர்வெண் ஒலிகளே முதலில் மங்குகின்றன. மெய்யெழுத்துகளின் கூர்மை அந்த ஒலிகளில்தான் இருக்கிறது. குரல் கேட்கும், ஆனால் "பத்து" என்றாரா "பட்டு" என்றாரா என்பது தெரியாது. "காது கேட்கிறது, பேச்சுத்தான் விளங்கவில்லை" என்று பெரியவர்கள் சொல்வதன் பொருள் இதுவே. உயர் அதிர்வெண்ணை விசிலின்றிப் பெருக்கித் தருவது நடுச்செவிக் கருவியின் ஒரு சிறப்பு.

அப்படியானால் அது யாருக்கு ஏற்றது? மிதமானது முதல் கடுமையானது வரையிலான செவிக்குறை, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மோசமாகாமல் நிலைபெற்றிருக்க வேண்டும். போதிய உரப்பில் சொற்களைச் சொன்னால் பாதிக்கேனும் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியவேண்டும். செவித்துணைக் கருவியை முறையாகப் பொருத்திச் சில மாதமேனும் முயன்று பார்த்திருக்க வேண்டும். காதுத்துளைப் புண், ஓயாத சீழ், துளையின்மை போன்ற காரணத்தால் அதை அணிய இயலாதவராக இருந்தால் இந்தக் கருவிக்கு நியாயம் வலுக்கிறது.

உள்ளபடி சொன்னால், உட்செவிக் குறை மட்டும் உடையவருக்கு நடுச்செவிக் கருவி தரும் ஒலிப்பெருக்கம், நன்றாகப் பொருத்திய செவித்துணைக் கருவி தருவதைவிட மிகப் பெரிதன்று. துளை அடைபடாத சுகமும், இயல்பான ஒலியும், விசிலின்மையும்தான் அதிகப்படியான ஆதாயம். அதற்காக மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவையை ஏற்கவேண்டும். முகநரம்புக்கு அருகே துளையிடுவதால் சிறிதேனும் இடர் உண்டு. நாவின் சுவை நரம்பு நலிந்து சிலநாள் சுவை மாறலாம். பழைய கருவி வைத்தவர்கள் எம்.ஆர்.ஐ. அறைக்குள் போகக்கூடாது. புதியவற்றிலும் வரம்புகளை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். துளையே இல்லாதவருக்கும், எலும்புகளை இழந்தவருக்கும் கணக்கு வேறு. அங்கே வேறு நல்ல வழிகள் குறைவாதலால் ஆதாயம் தெளிவாக இருக்கிறது.

தமிழகத்தின் பக்கமும் ஒரு பார்வை செலுத்துவோம். பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபுளோரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். இன்று சென்னையில் மருத்துவர் மோகன் காமேஸ்வரன் நிறுவிய காது மூக்குத் தொண்டை ஆராய்ச்சி நிலையம், செவி உள்வைப்பு அறுவைகளில் இந்தியாவின் முன்னோடிகளுள் ஒன்றாக விளங்குகிறது. 2006ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஏழைக் குழந்தைகளுக்குக் காக்ளியர் அறுவை சேர்க்கப்பட்டது பெரிய காரியம். இருந்தாலும் அறுவை முடிந்ததும் கேட்டுவிடாது. கேட்கும் ஒலிக்குப் பொருள் இன்னதென மூளை பழகவேண்டும். அந்தப் பயிற்சிக்குத் தாயும் ஆசிரியரும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உடனிருக்க வேண்டும். கருவி ஒரு நாளில் கிடைத்துவிடும், பேச்சு அப்படிக் கிடைக்காது.

இப்போது மீண்டும் காத்தோங்குக்கு வருவோம். மவுண்ட்பேட்டன் சாலைப் பள்ளியில் 1970-களின் பிற்பகுதியில், ஆங்கிலச் சொல் வரிசையைக் கையால் காட்டும் முறை வேரூன்றியது. அதனால் ஒரு சீன வீட்டுப் பிள்ளையும், மலாய் வீட்டுப் பிள்ளையும், தமிழ் வீட்டுப் பிள்ளையும் ஒருவரோடு ஒருவர் தடையின்றிப் பேசிக்கொண்டனர். ஷாங்ஹாய்க் கைமொழியும் அமெரிக்கக் கைமொழியும் உள்ளூர்ச் சைகைகளும் கலந்து, சிங்கப்பூருக்கென ஒரு கைமொழி வளர்ந்தது. பள்ளி மூடப்பட்ட பிறகும் அந்த மொழி வாழ்கிறது. கருவியைப் பெறாதவர்க்கும், கருவியால் முழுப்பயன் பெறாதவர்க்கும், கருவியைக் கழற்றி வைத்த இரவு வேளையில் கருவி உடையவர்க்கும் அது பயன்படுகிறது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. அந்தப் பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும், தமிழ் மட்டும் அறிந்த பாட்டியோடு எந்த மொழியில் பேசும்? கைமொழியோ ஆங்கிலத்தை ஒட்டியது. வீட்டார் அதைக் கற்கவில்லையென்றால், சோறு, தண்ணீர், தூக்கம் என்ற சில சைகைகளோடு உறவு நின்றுவிடும். கருவியால் கேட்கும் இன்றைய குழந்தைக்கும் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது, "குழப்ப வேண்டாம்" என்று வீட்டிலும் தமிழை நிறுத்திவிடுகிறார்கள். காதைத் திறந்துவிட்டுத் தாய்மொழியை மூடிவிட்டால், அந்தக் குழந்தை பாட்டிக்கு இன்னும் செவிடாகவே இருக்கிறது அன்றோ?

உலகில் 43 கோடிக்கும் மேற்பட்டோர் செவிக்குறைக்கு உதவி தேவைப்படுவோராக இருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கூறியது. அவர்களில் நடுச்செவிக் கருவி ஏற்றவர்கள் சிறு பகுதியினரே. ஆனால் அந்த வரலாறு தரும் பாடம் எல்லோருக்கும் உரியது. முதலில் பாதை எங்கே முறிந்திருக்கிறது என்று அறிக. எளிய வழி போதுமானால் அதில் நிற்க. அரிய கருவி வேண்டுமானால், அதைச் செய்பவரும் பேணுபவரும் நிலைப்பார்களா என்று கேட்க. எந்தக் கருவி வந்தாலும் வராவிட்டாலும், வீட்டில் அந்தப் பிள்ளையோடு பேச ஒரு மொழியைக் கையாலோ வாயாலோ நாமும் கற்றுக்கொள்க.

செண்பக விநாயகர் ஆலய மணி நாளைக் காலையும் ஒலிக்கும். அதைக் காதால் கேட்கும் பிள்ளையும் உண்டு, தீபாராதனைச் சுடரைக் கண்டு அறிந்துகொள்ளும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் பக்கத்தில் நின்று அது என்னவென்று சொல்ல ஒருவர் வேண்டும்.